கண்ணைத் திறந்தது யார்?

அபிகாயிலின் பார்வைக்குத் தப்பி ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்குள் ஓர் ஈ கூட நுழைந்துவிட முடியாது. அவள்தான் வகுப்புத் தலைவி. கணக்குப் பாடம் நடக்கும்போது யார் வாயில் முறுக்கு இருக்கிறது, யார் அடுத்தவர் ரப்பரைக் கடித்து வைத்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தெரிந்ததை மனசுக்குள் பூட்டி வைக்கும் வழக்கமும் அவளுக்குக் கிடையாது. உடனே ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிடுவாள்.

அதனால்தான் பள்ளியில் தியான நேரம் தொடங்கியபோது, ஜெபகுமார் சார் யோசிக்காமல் அவளைக் கூப்பிட்டார்.

ஜெபகுமார் சார் விளையாட்டு ஆசிரியர். தியானத்தைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டபோது, மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் எதையோ தொலைத்ததுபோலக் கீழே குனிந்து தேடினார்களாம். சார் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வேலை அவர் தலையில் விழுந்தது.

செம்பாக்கம் ஏரிப் பக்கம் இருந்த அந்தப் பள்ளியில், காலை வழிபாடு முடிந்ததும் ஆறாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளும் நீளமான வராந்தாவில் வந்து உட்காரும். சார் விசில் ஊதுவார். அந்தச் சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் அலறிக்கொண்டு பறக்கும். அதற்குப் பிறகு அமைதி தொடங்கும்.

“எல்லாரும் கண்ணை மூடுங்க. மூச்சு உள்ளே போறதையும் வெளியே வர்றதையும் மட்டும் கவனிங்க. மனசு எங்கேயாவது ஓடிப் போனா திட்டாதீங்க. மெதுவா கூப்பிட்டு உட்கார வைங்க. பத்து நிமிஷம்” என்பார் சார். சொல்லிவிட்டு வராந்தாவின் கோடிக்குப் போய்த் தன் செல்போனைப் பார்க்க ஆரம்பிப்பார்.

அபிக்கு வேலை வேறு. “நீ எல்லாரையும் பார்த்த மாதிரி முன்னாடி உட்காரு. ‘பி’ பிரிவில யார் கண்ணைத் திறந்தாலும் எங்கிட்ட சொல்லணும். ‘ஏ’ பிரிவுக்கு அவங்க லீடர் பார்த்துப்பா” என்று சார் சொல்லியிருந்தார்.

இதில் ஒரு போட்டியும் உண்டு. காலாண்டுத் தேர்வு வரைக்கும் எந்தப் பிரிவின் மேல் புகார் குறைவாக வருகிறதோ, அந்தப் பிரிவை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப் போவதாகத் தலைமையாசிரியை அறிவித்திருந்தார். வண்டலூர் பக்கத்தில்தான் இருக்கிறது. எல்லாரும் போய் வந்த இடம்தான். ஆனால் அப்பா அம்மாவோடு போவது வேறு, வகுப்பே ஒரு பஸ்ஸில் ஏறிக் கத்திக்கொண்டு போவது வேறு.

அதனால் ‘பி’ பிரிவு உயிரைக் கொடுத்துத் தியானம் செய்தது. ஜாய்சன் கண்ணில் சோப்பு பட்டதுபோல முகத்தையே சுருக்கிக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். அனுப்பிரியா உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். தூங்கினால் புகார் கிடையாது. கண் மூடித்தானே இருக்கிறது.

பத்ரி மட்டும் கண்ணை மூடமாட்டான்.

பத்ரி அந்த ஆண்டுதான் பள்ளியில் சேர்ந்தவன். அதிகம் பேசமாட்டான். தியான நேரத்தில் முதுகை நேராக வைத்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பான். கண் மட்டும் அகலமாகத் திறந்திருக்கும்.

“சார், பத்ரி” என்பாள் அபி, முடிந்ததும்.

“ஏன்டா?” என்பார் சார்.

“மறந்துட்டேன் சார்.”

“போய்க் குழாய்கிட்ட நில்லு.”

முதல் மணி அடிக்கும் வரை அவன் குழாயடியில் தனியாக நிற்பான். மறுநாளும் இதே கதைதான்.

வகுப்புக்குக் கோபம் வந்தது. “உன்னாலதான்டா எங்களுக்கு வண்டலூர் போச்சு” என்று ஜாய்சன் நேராகவே சொல்லிவிட்டான். மதியம் சாப்பிடும்போது பத்ரி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவன் சைக்கிள் கொட்டகைப் படியில் போய்ச் சாப்பிடத் தொடங்கினான். அபி அதையும் பார்த்தாள். அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. ரூல் என்றால் ரூல்தானே.

ஒரு நாள் இரவு அபியின் வீட்டில் குடும்ப ஜெபம் நடந்தது. அவள் வீட்டில் எல்லா நாளும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் உண்டு. அப்பா தேவானந்தம் ஜெபம் செய்துகொண்டிருந்தார். அம்மா ஜெயசீலி தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கண்களை மூடியிருந்தார். அப்பா ‘ஆமென்’ சொன்ன மறுநொடி அபி வாயைத் திறந்தாள்.

“அம்மா, ஜெர்சன் பாதியிலேயே கண்ணைத் திறந்துட்டான். சப்பாத்தியைப் பார்த்துட்டே இருந்தான்.”

ஜெர்சன் அவளுடைய தம்பி. ஒன்றாம் வகுப்பு.

அம்மா சிரிக்காமல் கேட்டார். “சரி, அவன் கண்ணைத் திறந்ததை நீ எப்படிப் பார்த்தே?”

அப்பாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜெர்சனுக்கு முழுசாகப் புரியவில்லை என்றாலும், அக்கா மாட்டிக்கொண்டாள் என்பது மட்டும் புரிந்தது. தட்டில் தாளம் போட்டுக் கொண்டாடினான்.

அபிக்கு முகம் சூடாகிவிட்டது. குனிந்துகொண்டு சப்பாத்தியைப் பிய்த்தாள். பிய்க்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பள்ளியிலும் அப்படித்தானே? எல்லாரும் தினமும் தியானம் செய்கிறார்கள். நான் ஒரு நாளாவது கண்ணை மூடியிருக்கிறேனா?

இல்லை. ஒரே ஒரு நாள்கூட இல்லை. தியானத்துக்கே தலைவி மாதிரி முன்னால் உட்கார்ந்திருந்தவள், அந்த வராந்தாவில் தியானமே செய்யாதவளாகவும் இருந்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை சாரிடம் போய் நின்றாள். “சார், நானும் கண்ணை மூடி உட்காரணும்.”

“அப்போ யார் பார்க்கறது?”

“ஜாய்சன் பார்க்கட்டும் சார்.”

ஜாய்சனுக்குப் போலீஸ் வேலை கிடைத்த சந்தோஷம். காலரைச் சரி செய்துகொண்டு முன்னால் போய் உட்கார்ந்தான். அவன் விட்டுப் போன இடத்தில் அபி உட்கார்ந்தாள். அது பத்ரியின் பக்கத்து இடம்.

விசில் ஊதியது. அபி கண்ணை மூடினாள். மூடியதுமே மூக்கு அரித்தது. மூக்கைச் சொறிந்தால் முழங்கால் அரித்தது. மூச்சைக் கவனிக்கலாம் என்று பார்த்தால், டிபன் பாக்ஸில் அம்மா வைத்தது எலுமிச்சைச் சாதமா, தக்காளிச் சாதமா என்ற கேள்வி வந்தது. அதை விரட்டினால் சமூக அறிவியல் வீட்டுப்பாடம் வந்தது. யார் முறுக்கு தின்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்போலக் கை கால் எல்லாம் பரபரத்தது. இவ்வளவு நாள் இந்தப் பத்து நிமிஷம் இத்தனை நீளம் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

ஆனாலும் அவள் விடவில்லை. எடுத்த காரியத்தை முடிக்காமல் விடுகிற ஆள் இல்லை அவள். மனசு ஓடும், கூப்பிட்டு உட்கார வைப்பாள், திரும்பவும் ஓடும். சில நாள் கொஞ்சம் உட்காரும். பல நாள் உட்காராது. ஜூலை போய் ஆகஸ்ட் வந்தது.

இதனால் என்ன பெரிய மாற்றம் வந்துவிடப் போகிறது என்று அவளே நினைத்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது.

அவள் தரையில் இந்திய வரைபடத்தைப் பரப்பி வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா முடிந்து ஆந்திராவுக்குப் போயிருந்தாள். ஜெர்சன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வந்து, தண்ணீர்க் கிண்ணத்தை உதைத்துக் கவிழ்த்தான். மொத்தத் தென்னிந்தியாவும் நீரில் கரைந்து வங்காள விரிகுடாவில் கலந்தது.

அபி கத்துவதற்காக மூச்சை இழுத்தாள். இழுக்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது. அதற்கு முன்னால் அப்படித் தெரிந்ததில்லை. கோபம் வந்ததும் கத்தல் தானாகவே வந்துவிடும். இப்போது நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் அடி விழும் என்று முன்கூட்டியே அழத் தயாராக உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தான். பாவமாக இருந்தது.

“போய்ப் பழைய துணி எடுத்துட்டு வா” என்றாள்.

ஜெர்சன் நகரவில்லை. சந்தேகத்தோடு அவளைப் பார்த்தான். “அம்மா, அக்காவுக்கு உடம்பு சரியில்லை” என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்.

பள்ளியிலும் அவளுக்கு ஒன்று புரிந்தது. கண்ணை மூடினால் காது திறந்துகொள்கிறது. பக்கத்தில் இருந்த விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் சின்ன விமானத்தின் உறுமல் கேட்கும். வேளச்சேரி சாலையில் பஸ்கள் ஹாரன் அடிப்பது கேட்கும். ஏரிப் பக்கம் ஏதோ ஒரு பறவை அடித்தொண்டையில் கூவும். கிட்டத்தில் அனுப்பிரியாவின் லேசான குறட்டை கேட்கும்.

அதோடு இன்னொரு சத்தமும் கேட்டது. யாரோ வேகமாக மூச்சு வாங்கினார்கள். தூரத்திலிருந்து ஓடி வந்தவர்கள் விடும் மூச்சு அது. இங்கே யார் ஓடினார்கள்?

அந்த மூச்சு பத்ரியிடமிருந்து வந்தது.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது. விசில் ஊதியதும் அந்த மூச்சு வேகமாகும், கடைசி வரை அப்படியே இருக்கும். அவ்வளவு நாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தபோது அபிக்கு இது தெரியவில்லை. அவன் கண்ணைத்தான் பார்த்தாளே தவிர, அவனைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு மதியம் அபி தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சைக்கிள் கொட்டகைப் படிக்குப் போனாள். பத்ரி தயிர் சாதத்தை மூடிக்கொண்டு எழுந்தான்.

“எதுக்கு எழுந்துக்கறே? நான் புகார் சொல்ல வரலை. அந்த வேலை இப்போ ஜாய்சனோடது” என்றாள் அபி.

அவன் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தான்.

“தியானம் பண்றப்போ உனக்கு மூச்சு வாங்குது. ஏன்?”

பத்ரி ஸ்பூனால் சாதத்தைக் கிளறிக்கொண்டே இருந்தான். பழைய அபியாக இருந்தால் அதற்குள் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பாள். இந்த அபி காத்திருந்தாள்.

“நாங்க முன்னாடி வரதராஜபுரத்துல இருந்தோம்” என்று ஆரம்பித்தான் பத்ரி. “போன டிசம்பர் மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. நான் தூங்கிட்டு இருந்தேன். முழிச்சுப் பார்த்தா கட்டிலெல்லாம் ஈரம். கரண்ட் இல்லை. ஒரே இருட்டு. கண்ணைத் திறந்திருக்கேனா, மூடியிருக்கேனான்னே தெரியலை. தண்ணி சத்தம் மட்டும் கேட்டுது. அப்பா என்னைத் தூக்கி மேலே லாஃப்ட்ல உட்கார வெச்சுட்டு, அம்மாவைத் தேடிப் போனாரு.”

அபி கையிலிருந்த சாதத்தை வாயில் வைக்கவில்லை.

“அம்மா கிடைச்சுட்டாங்க. பக்கத்து வீட்டு மாடிக்குப் போயிட்டோம். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா சத்தமில்லாம உட்கார்ந்து கண்ணை மூடினா, அந்தத் தண்ணி சத்தம் வந்துடுது. நான் லைட் போட்டுட்டுத்தான் தூங்குவேன்.”

“சார்கிட்ட சொல்லலாம் இல்லை?”

“வேணாம். சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சுடும். சிரிப்பாங்க. நீயும் யார்கிட்டயும் சொல்லாதே.” அவன் டிபன் பாக்ஸை மூடினான். “எப்படியும் நான் வேற ஸ்கூலுக்குப் போகப் போறேன். காலாண்டு முடிஞ்சதும் சேர்க்கறேன்னு அப்பா சொல்லிட்டாரு. அங்கே தியானம் கிடையாதாம். விசாரிச்சுட்டேன்.”

“சொல்லமாட்டேன்” என்றாள் அபி.

சொல்லிவிட்டாளே தவிர, அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அன்று மதியம் முழுவதும் அந்தச் செய்தி அவள் வாய்க்குள் வந்து வந்து நின்றது. சாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. சொல்லாவிட்டாலோ, தினமும் குழாயடியில் நின்று நின்று ஒரு பையன் இந்தப் பள்ளியை விட்டே போய்விடுவான். அதற்குத் தொடக்கத்தில் காரணமாக இருந்தவள் அவள்தான்.

வீட்டுக்குப் போனதும் கூடத்தில் தரையில் உட்கார்ந்தாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே மூச்சைக் கவனித்துப் பார்த்தாள். எதிரே ஒரே ஓர் இடத்தில், இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டில், பார்வையை நிறுத்தினாள். ஜெர்சன் வந்து முன்னால் ஆடிக் காட்டினான். நாக்கை நீட்டினான். பிறகு அலுத்துப்போய் அவனே போய்விட்டான். மனசு ஓடியது, கூப்பிட்டாள், வந்தது. எல்லாம் கண்ணை மூடும்போது நடப்பதுபோலவேதான் நடந்தது.

மறுநாள் வராந்தாவில் தியானம் முடிந்ததும் ஜாய்சன் எழுந்தான். வழக்கமான வேகம் அவனிடம் இல்லை.

“சார், பத்ரி. அப்புறம்...” என்று இழுத்தான். “அப்புறம் அபி, சார்.”

“எந்த அபி?” என்று கேட்டார் சார். வகுப்பில் ஒரே ஓர் அபிதான்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புகாரில் இரண்டு பிரிவும் அப்போது கிட்டத்தட்டச் சமமாக வந்திருந்தன. ‘ஏ’ பிரிவிலும் கண்ணைத் திறக்கிறவர்கள் இருந்தார்கள். “போச்சுடா வண்டலூர்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“என்ன அபி, விளையாட்டா இருக்கா?” சாரின் குரல் கடுமையாக இருந்தது.

அபிக்குக் காது இரண்டும் சூடாயின. மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. அதற்குப் பிறகு பேசினாள்.

“இல்லை சார். கண்ணைத் திறந்து வெச்சுட்டுத்தான் தியானம் பண்ணேன். தரையில ஒரு இடத்தைப் பார்த்துட்டு மூச்சைக் கவனிச்சேன். நல்லாவே முடியுது சார்.”

“ரூல் என்ன?”

“கண்ணை மூடணும்னு ரூல் சார். தூங்கினாக்கூட ரூல் மீறலை. திறந்துட்டு அமைதியா உட்கார்ந்தா மீறிட்டோம்.”

அனுப்பிரியா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சில பேருக்குக் கண்ணை மூடினா அமைதி வரும் சார். சில பேருக்கு மூடினா அமைதி போயிடலாம். எனக்கு இது ரொம்ப நாள் தெரியலை” என்றாள் அபி. பத்ரியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. “தப்புன்னா நானும் குழாய்கிட்ட நிக்கறேன் சார்.”

சொன்னதோடு நிற்கவில்லை. போய் நின்றாள். பத்ரியும் தலையைக் குனிந்தபடி வந்து பக்கத்தில் நின்றான். அவன் அங்கே தனியாக நிற்காதது அன்றுதான் முதல் தடவை.

சார் அவர்கள் இருவரையும் பார்த்தார். பத்ரியைக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தார். என்ன புரிந்ததோ, எதுவும் கேட்கவில்லை.

அப்போது ஜாய்சன் கையைத் தூக்கினான். “சார், எனக்கும் இந்த வேலை வேணாம் சார். இவங்க எல்லாரையும் பார்த்துப் பார்த்துக் கண்ணு எரியுது. நான் தியானம் பண்ணியே ரொம்ப நாளாச்சு.”

“நானும்தான்டா” என்றார் சார். கையிலிருந்த செல்போனை அப்போதுதான் கவனித்தவர்போலப் பார்த்து, பேன்ட் பாக்கெட்டில் போட்டார். “நாளையிலிருந்து யாரும் யாரையும் பார்க்க வேணாம். மூடறவங்க மூடுங்க. திறந்து வெச்சுக்கறவங்க தரையைப் பாருங்க. சத்தம் மட்டும் கூடாது. நானும் உங்களோட உட்காரப் போறேன்.”

“அப்போ வண்டலூர் சார்?” என்று நாலைந்து பேர் சேர்ந்து கேட்டார்கள்.

“இன்னிக்கு வரைக்கும் உள்ள கணக்குதான். ‘ஏ’ பிரிவு ஜெயிச்சாச்சு.”

அதை மாற்ற யாராலும் முடியவில்லை. தேர்வு முடிந்ததும் ‘ஏ’ பிரிவு பஸ்ஸில் ஏறிக் கத்திக்கொண்டே வண்டலூருக்குப் போனது. ‘பி’ பிரிவில் சிலர் அபியோடு பேசவில்லை. ஜாய்சன் அவளைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அபிக்கும் வருத்தம்தான். அவளுக்கும் அந்த பஸ்ஸில் போக ஆசை இருந்தது. ஆனால் சண்டைக்குப் போகவில்லை. கோபம் தீரட்டும் என்று விட்டுவிட்டாள். திங்கட்கிழமை கணக்கு வகுப்பில் ஜாய்சனுக்குக் காம்பஸ் தேவைப்பட்டது. வகுப்பில் யார் பெட்டியில் காம்பஸ் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவனே வந்து பேசினான்.

“எப்போ போறே, புது ஸ்கூலுக்கு?” என்று ஒரு நாள் சாப்பிடும்போது பத்ரியிடம் கேட்டாள் அபி. இப்போது அவன் எல்லாரோடும்தான் உட்கார்ந்து சாப்பிட்டான்.

“போகலை. அப்பாகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்” என்றான் பத்ரி, ஜாய்சன் நீட்டிய அப்பளத்தை உடைத்துக்கொண்டே.

அக்டோபர் நடுவில் மழை வந்தது. ஒரு நாள் காலை எல்லாரும் வராந்தாவில் உட்கார்ந்ததும் வானம் இருண்டு, சடசடவென்று கொட்டத் தொடங்கியது. கூரைத் தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. முற்றத்தில் தண்ணீர் தேங்கி வாய்க்காலாக ஓடியது.

அபி கண்ணை மூடியிருந்தாள். அவளுக்குப் பயமாகிவிட்டது. பத்ரிக்கு இந்தச் சத்தம் எப்படி இருக்கும்?

மழைக்கு நடுவே காதைத் தீட்டிக் கேட்டாள். பக்கத்தில் அவன் மூச்சு வேகமாக வாங்கியது. எழுந்து போய்விடுவானோ என்று நினைத்தாள். அவன் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு ஒரு தடவை நீளமாக வந்தது. பிறகு இன்னொரு தடவை. மழை நிற்காமல் பெய்துகொண்டிருந்தது. பத்ரியின் மூச்சு மட்டும் மெல்ல மெல்ல நிதானமாகி, அவள் மூச்சின் வேகத்துக்கே வந்துவிட்டது.

அவன் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறானா? இல்லை, மூடிக்கொண்டானா? ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன என்று அபிக்கு ரொம்பவும் ஆசையாக இருந்தது.

அவள் பார்க்கவில்லை. ஓடிப் போன மனசை மெதுவாகக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.